படகு தைத்த பெண்கள்

புதுப் பட்டுப் புடவை வாங்கி வந்ததும் முதல் வேலையாக என்ன செய்கிறோம்? கீழ்க் கரையில் ஃபால்ஸ் வைத்துத் தைக்கக் கொடுக்கிறோம். புடவை எங்கே தேயும் என்று நமக்குத் தெரியும். தோளில் தேயாது. மடிப்பில் தேயாது. தரையோடு உரசி உரசிக் காலடியில்தான் தேயும். ஆகவே அந்த இடத்துக்கு மட்டும் ஒரு துணிப் பட்டையைக் கொடுத்து, "தேய்வதெல்லாம் நீ தேய்ந்துகொள், புடவையை விட்டுவிடு" என்று சொல்லிவிடுகிறோம்.

புடவையையே கண்டிராத ஒரு ஜனங்கள், வருஷத்தில் பாதி நாள் பனி உறைந்து கிடக்கும் கிரீன்லாந்து தேசத்திலே, இதே யோசனையைப் பல நூறு வருஷங்களாகக் கையாண்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் ஃபால்ஸ் வைத்தது படகுக்கு. அந்தப் படகின் உடம்பைத் தைத்தவர்களோ, கையில் ஊசி பிடித்த பெண்கள்!

படகைத் தைப்பதாவது என்று சிரிக்காதீர்கள். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

அந்தப் படகுக்குக் கயாக் என்று பெயர். சென்னைக்குத் தெற்கே கோவளம் பக்கம் விடுமுறையில் போனவர்கள் பார்த்திருக்கலாம். மஞ்சளும் சிவப்புமாக, வாழைப்பூ மடல் மாதிரி நீண்ட பிளாஸ்டிக் படகில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து, இரு முனையிலும் தட்டை வைத்த துடுப்பை வலமும் இடமுமாகப் போட்டுக்கொண்டு போவார்கள். இன்று அது விளையாட்டு. கிரீன்லாந்தில் வசிக்கும் இனுயிட் மக்களுக்கு அந்தக் காலத்தில் அது சோறு. கடலில் போய் ஸீல் என்னும் பிராணியை ஈட்டியால் எறிந்து கொண்டுவந்தால்தான் வீட்டில் மாமிசம், விளக்குக்குக் கொழுப்பு, போட்டுக்கொள்ளத் தோல் உடை. எல்லாம் அந்தப் படகை நம்பி.

படகு செய்ய மரம் வேண்டுமே? அங்கே காடு கிடையாது. ஸைபீரியாவின் நதிகள் அடித்துக்கொண்டு வரும் கட்டைகள் வட கடலில் மிதந்து மிதந்து, வருஷக்கணக்கில் பிரயாணம் செய்து, கிரீன்லாந்துக் கரையில் ஒதுங்கும். அந்தக் கட்டைகளைப் பொறுக்கிச் சீவி, மெல்லிய சட்டங்களாக்கி, ஆணி அடிக்காமல் தோல் வாரினால் கட்டி, ஒரு கூடு செய்வார்கள். சுமார் 5 மீட்டர் நீளம். அகலமோ அரை மீட்டர்தான். படகுக்கு உரியவனின் உடம்பை அளந்து அவனுக்கென்றே செய்வது. அண்ணன் படகில் தம்பி சௌகரியமாக உட்கார முடியாது.

கூட்டைச் செய்வது ஆண்கள். அதோடு அவர்கள் சாமர்த்தியம் முடிந்தது. அதற்கு ஸீல் தோலைப் போர்த்தித் தைத்துத் தண்ணீர் புகாமல் ஆக்குவது பெண்களின் பொறுப்பு.

இதைச் சில்லறை வேலை என்று நினைக்க வேண்டாம். கடலுக்குப் போகிறவன் தோலால் செய்த ஒரு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, அதன் கீழ் விளிம்பைப் படகின் வாயைச் சுற்றி இறுகக் கட்டிக்கொள்வான். அவன் இடுப்புக்குக் கீழே படகு, மேலே மனிதன். இரண்டும் ஒரே உடம்பு. அலை கவிழ்த்துவிட்டால்கூட, கெட்டிக்காரன் துடுப்பை ஒரு வீச்சு வீசித் தண்ணீருக்கடியிலிருந்து சுழன்று மறுபடி நிமிர்ந்துவிடுவான். ஆனால் அடியில் தையல் விட்டுப்போனாலோ, தோல் கிழிந்தாலோ, அந்த வித்தையெல்லாம் பலிக்காது. தண்ணீர் உள்ளே ஏறும். உறையும் நிலையிலிருக்கும் அந்தக் கடலில் விழுந்தவனுக்குக் கை கால் மரத்துப்போகச் சில நிமிஷங்கள் போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிரீன்லாந்து ஆண்களின் சாவுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று கயாக் விபத்து. கரையில் உட்கார்ந்து தைத்தவள் ஒவ்வொரு தையலையும் என்ன நினைத்துக்கொண்டு இழுத்திருப்பாள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தையலும் சாதாரணத் தையல் அல்ல. முதலில் தோலில் ஒட்டியிருக்கும் கொழுப்பை வழிக்க வேண்டும். இதற்குப் பெண்களுக்கென்றே ஒரு கத்தி உண்டு. உலு என்று பெயர்; நம் வீட்டுத் தேங்காய்க் கீற்றைப் போலப் பிறை வடிவம். பிறகு ரோமத்தை நீக்க வேண்டும். அதற்குப் பின்தான் ஊசி. ஊசியைத் துணியில் குத்துவது போல இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வாங்கினால் ஓட்டை விழுந்துவிடுமே! ஆகவே தோலின் கனத்தில் பாதி வரையில் மட்டும் ஊசியை இறக்கி, நடுவிலேயே ஓட்டி, ஏறிய பக்கமே வாங்கிவிடுவார்கள். மறுபுறத்தில் தையல் இருப்பதே தெரியாது. ஒரு தோலின் விளிம்பை இன்னொன்றின் மேல் மடித்து உட்புறம் ஒரு வரிசை, வெளிப்புறம் ஒரு வரிசை என்று இரண்டு தையல் போடுவார்கள். புடவைக்கு ஓரம் அடிக்கும்போது நூல் வெளியே தெரியாமல் தைப்பவர்களுக்கு இந்த நுணுக்கம் சட்டென்று புரியும். ஆனால் நாம் தைப்பது மெல்லிய பட்டில். அவர்கள் தைத்தது ஈரத் தோலில்.

நூலிலும் ஒரு விசேஷம். அது மிருகங்களின் தசைநாரைக் கிழித்து உலர்த்திய நார். தண்ணீர் பட்டால் நார் ஊதும். ஊசித் துளையை ஊதிய நாரே அடைத்துக்கொள்ளும். பருத்தி நூலோ, இன்றைய நைலான் நூலோ இந்த உபகாரத்தை இவ்வளவு நன்றாகச் செய்யாது.

தோல் ஈரமாக இருக்கும்போதே இழுத்துப் போர்த்தித் தைத்தாக வேண்டும். காய்ந்துவிட்டால் விறைத்துப் போகும். ஆகையால் நம் வீடுகளில் அப்பளம் இடுகிற நாளைப் போல, நாலைந்து பெண்கள் கூடி உட்கார்ந்து மளமளவென்று முடிக்கிற வேலை அது. முடிந்தபின் காய விட்டால், தோல் சுருங்கி மத்தளத்து வார் மாதிரி விண்ணென்று இறுகிவிடும். பிறகு ஸீல் கொழுப்பிலிருந்து எடுத்த எண்ணெயை நன்றாகத் தேய்த்து ஊறவிடுவார்கள்.

அதோடு விட்டதா? இல்லை. நாள் கணக்கில் தண்ணீரிலேயே கிடந்தால் எவ்வளவு எண்ணெய் பூசிய தோலும் ஊறித் தொளதொளத்துப் போகும். கரைக்குக் கொண்டுவந்து, காயவைத்து, மறுபடி எண்ணெய் போட வேண்டும். காய வைக்கிற இடமும் தரை அல்ல, உயரமான பரண். ஏனென்றால் வண்டி இழுக்கும் நாய்கள் அங்கே பல ஊர்களில் உண்டு. எண்ணெய் பூசிய தோல் என்றால் அவற்றுக்கு அது படகு அல்ல, பலகாரம்!

இனி அந்த ஃபால்ஸ் விஷயத்துக்கு வருவோம்.

படகுக்குச் சத்துரு அலை என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கயாக் ஓட்டுகிறவர்களைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார்கள். நடுக்கடலில் படகின் அடிப்புறம் தண்ணீரைத் தவிர வேறொன்றையும் தொடுவதில்லை. அது தேய்வதெல்லாம் கிளம்பும்போதும் கரை சேரும்போதும்தான். கல்லும் மணலும் கிளிஞ்சலும், கிரீன்லாந்தில் கத்தி போன்ற பனிக்கட்டி விளிம்பும், உரசுகிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தின்றுவிடும். அதிலும் எல்லா இடத்தையும் சமமாகத் தின்பதில்லை. முன்மூக்கு, பின்நுனி, நடுவே முதுகெலும்பு போல ஓடும் ஏரா, இந்த மூன்று இடமும்தான் போகும். இனுயிட் மக்கள் இதைக் கண்டுகொண்டு, அந்த இடங்களில் எலும்பையோ தந்தத்தையோ மெல்லிய பட்டையாகச் சீவி, சிறு முளைகளால் பொருத்திவிட்டார்கள். பனிக்கட்டியில் ஏறும்போது எலும்பு தேயும், தோல் தப்பிக்கும். எலும்பு தேய்ந்துபோனால் வேறு எலும்பு. டென்மார்க்கில் கோப்பன்ஹேகன் நகரத்துப் பொருட்காட்சி சாலையில் இப்படிப்பட்ட பழைய கயாக்குகளை வைத்திருக்கிறார்கள்.

படகின் ஓட்டை எவ்வளவு பெரிய சமாசாரம் என்று அறிய வேண்டுமானால் நான்ஸென் கதையைக் கேட்க வேண்டும். ஃப்ரித்யோஃப் நான்ஸென் நார்வே தேசத்தவர். 1888-ல் கிரீன்லாந்தைப் பனிச்சறுக்குக் கட்டையில் குறுக்கே கடந்து, அந்தக் குளிர்காலம் அங்கேயே தங்கி, இனுயிட் மக்களிடம் கயாக் ஓட்டக் கற்றுக்கொண்டவர். 1895 மார்ச்சில், வட துருவத்தை எட்டிவிடலாம் என்று, பனியில் சிறைப்பட்டிருந்த தமது 'ஃப்ராம்' கப்பலை விட்டு, யோஹான்ஸென் என்ற ஒரே ஒரு துணைவருடன் புறப்பட்டார். நாய்கள், சறுக்கு வண்டிகள், வண்டிகளின் மேல் இரண்டு கயாக்குகள். இவை தோல் கயாக்குகள் அல்ல. மூங்கில் கூட்டுக்குக் கித்தான் போர்த்தியவை. கப்பலிலேயே செய்துகொண்டவை.

ஏப்ரல் 8-ஆம் தேதி அதுவரை எவரும் போகாத வடக்கு எல்லையை அடைந்தார்கள். துருவம் மட்டும் எட்டவில்லை. திரும்பினார்கள். பனிமேடுகளில் வண்டிகள் குடைசாயும்; ஒவ்வொரு தடவையும் பனியின் முனை கித்தானில் ஒரு கிழிசல் போடும். கோடை வந்து பனி பிளந்து, இனிப் படகில்தான் போகலாம் என்ற கட்டம் வந்தபோது படகுகள் சல்லடையாக இருந்தன! எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, துருவப் பிரதேசத்தின் வீரர்கள் இருவரும் ஊசி நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்த முகாமில் ஒரு மாத காலம் போயிற்று.

அதற்குள் மறுபடி குளிர்காலம். ஃப்ரான்ஸ் ஜோஸஃப் தீவுகளில் கல்லை அடுக்கி, வால்ரஸ் தோலைக் கூரையாகப் போட்டு, ஒரு குழியில் முடங்கிக் கிடந்தார்கள். வால்ரஸ் என்பது யானையைப் போல இரண்டு நீண்ட தந்தங்கள் கொண்ட கடல் மிருகம். 1896 கோடையில் மீண்டும் பிரயாணம். ஜூன் மாதத்தில் ஒரு நாள், சேர்த்துக் கட்டியிருந்த இரண்டு கயாக்குகளும் வார் விட்டுப்போய்க் கடலில் மிதந்து சென்றன. துப்பாக்கி, ஆகாரம், உடை எல்லாம் அவற்றில். நான்ஸென் அந்த உறைபனித் தண்ணீரில் குதித்து நீந்திப் போய்ப் பிடித்தார். திரும்பி வந்தபோது பிராணன் பாதிதான் மிச்சம்.

அது போதாதென்று, இரண்டொரு நாளில் ஒரு வால்ரஸ் அவர் படகின் பக்கத்தில் எழும்பித் தந்தத்தால் ஒரு குத்துக் குத்தியது. துடுப்பால் அடித்து விரட்டினார். போன பிறகு பார்த்தால் படகு நிரம்பிக்கொண்டிருக்கிறது! எப்படியோ பனி ஓரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கிழிசலைத் தைக்கவும், நனைந்த சாமான்களை உலர்த்தவும் அங்கேயே தங்கினார்கள். ஜூன் 17-ஆம் தேதி, அந்தத் தங்கலில்தான் எங்கிருந்தோ நாய் குரைக்கும் சத்தம் நான்ஸென் காதில் விழுந்தது. தேடிக்கொண்டு போனார். எதிரே ஜாக்ஸன் என்ற ஆங்கிலேயர், தமது ஆராய்ச்சிக் கோஷ்டியுடன் அந்தத் தீவில் முகாமிட்டிருந்தவர், நின்றார். ஒன்றேகால் வருஷத்துக்குப் பிறகு இவர்கள் கண்ட முதல் மனித முகம் அது. அந்த வால்ரஸ்ஸைத் திட்டுவதா, கும்பிடுவதா?

கிரீன்லாந்தில் மோட்டார் படகுகள் வந்தபின் கயாக்கின் ஆட்சி சுருங்கிவிட்டது. தோலுக்குப் பதில் கித்தானைப் போர்த்திப் பெயின்ட் அடிக்கும் வழக்கமும் வந்தது. இருந்தாலும் வடமேற்கே கானாக் பிரதேசத்தில், நார்வால் என்ற ஒற்றைக்கொம்புத் திமிங்கிலத்தைப் பிடிக்க இன்றும் கயாக்கில்தான் போகிறார்கள். மோட்டார் சத்தம் கேட்டால் அது ஓடிவிடும்.

1959-ல் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கிரீன்லாந்துக்குப் போய், ஒரு கிராமத்தில் தமக்கென்று கயாக் செய்வித்து ஊருக்குக் கொண்டு வந்தார். அதை அளந்து வரைந்த படங்கள் கைமாறி, பிற்பாடு பிரிட்டனில் கண்ணாடி இழையால் செய்த கடல் கயாக்குகள் சில அந்த வடிவத்தை ஒட்டி வந்தன. அப்புறம் பாலிதீன் வந்தது. பிளாஸ்டிக் தூளை அச்சுக்குள் போட்டு, அச்சைச் சூளைக்குள் சுழலவிட்டு, ஒரே துண்டாக வார்த்துவிடுகிறார்கள். தையலும் இல்லை, தையற்காரியும் இல்லை.

ஆனால் தேய்வு மட்டும் அன்று எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கிறது. முன்மூக்கு, பின்நுனி, ஏரா.

உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ கயாக் வேண்டும் என்று அடம் பிடித்து வாங்கிவிட்டால் (இந்தக் காலத்தில் எதைத்தான் கேட்காமல் இருக்கிறார்கள்?), முதலில் கவனிக்க வேண்டியது அவர்கள் அதைக் கரைக்கு எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்பதை. முன்னால் உள்ள கைப்பிடியைப் பிடித்துப் பின்நுனி தரையில் இழுபட, கோணிமூட்டையை இழுப்பது போல இழுத்துப் போவார்கள். இந்த ஒரு பழக்கம், கடலில் பல வருஷம் ஓட்டினாலும் வராத தேய்வைச் சில மாதங்களில் கொண்டுவந்துவிடும். இருவர் இரு பக்கம் தூக்க வேண்டும். தனி ஆளானால் இரண்டு சக்கரம் வைத்த சிறு வண்டி கிடைக்கிறது. நம் ஒகேனக்கல் பரிசல்காரர்களைப் பாருங்கள். மூங்கில் கூடைக்கு அந்தக் காலத்தில் மாட்டுத் தோல், இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். படகு எதுவானாலும், கரை ஏறியதும் பரிசலைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறார்களே தவிர, பாறையில் இழுப்பதில்லை.

இரண்டாவது, ஏறுவதும் இறங்குவதும். கரையிலேயே படகுக்குள் உட்கார்ந்துகொண்டு, உடம்பு பாரத்தோடு மணலில் உந்தி உந்திக் கடலில் இறங்குகிறவர்கள் உண்டு. அம்மியில் வைத்து அரைப்பதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. கணுக்கால் தண்ணீரில் படகு மிதக்கட்டும், பிறகு ஏறலாம். திரும்பும்போது தரை தட்டுமுன் இறங்கிவிடலாம். முழங்கால் நனையும், அவ்வளவுதானே!

அடிப்புறத்தில் கீறல்கள் வரத்தான் செய்யும். அவற்றைப் பார்த்துக் கலங்க வேண்டாம். பாத்திரத்தில் கீறல் விழாமல் சமையல் உண்டா? பாலிதீன் படகில் கீறலின் ஓரத்தில் சிலும்பு எழும்பி நிற்கும். கூரான பிளேடால் சீவிவிட்டால் போதும். கவலைப்பட வேண்டியது ஆழமான பள்ளத்துக்கும், கட்டைவிரலால் அழுத்தினால் நெகிழ்ந்து கொடுக்கும் இடத்துக்கும்தான். வெளிர் நிறப் படகானால் இருட்டில் உள்ளே விளக்கைப் பிடித்துப் பாருங்கள். மெலிந்த இடம் பளிச்சென்று தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் கடையில் விற்கும் பசையை வாங்கித் தடவிப் பயனில்லை. பாலிதீனில் பசை அநேகமாக ஒட்டாது. நம் பிளாஸ்டிக் குடத்தைச் சூட்டுக்கோலால் உருக்கி ஒட்டுவார்களே, அந்த முறைதான். அதே ஜாதிப் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

கண்ணாடி இழைப் படகின் சுபாவம் வேறு. அதன் மேலே ஜெல்கோட் என்று பளபளப்பான ஒரு பூச்சு உண்டு. கீறல் அந்தப் பூச்சோடு நின்றால் அழகுக்குத்தான் குறை. கார் மெழுகைத் தேய்த்துவிட்டுப் போகலாம். பூச்சையும் தாண்டி உள்ளேயிருக்கும் இழை தெரிந்தால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. இழை வழியே தண்ணீர் ஊறும். உலர்த்தி, சுரண்டி, மறுபடி பூச வேண்டும்.

இன்றைக்கும் எலும்புப் பட்டைக்கு வாரிசு உண்டு. இழைத் துணியை எபாக்ஸியில் தோய்த்து ஏராவின் மேல் பட்டையாக ஒட்டுகிறார்கள். மூக்கிலும் பின்நுனியிலும் கெவ்லார் என்ற முரட்டு இழையால் ஆன கம்பளம் போன்ற துண்டைப் பிசினில் ஊறவைத்துப் பதிக்கிறார்கள். இது கண்ணாடி இழைப் படகுக்கு நன்றாகப் பிடிக்கும். புதுப் படகை வாங்கிய அன்றே இதை எல்லாம் ஒட்டிவிட வேண்டும் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பட்டை பாரம், சொரசொரப்பாக இருந்தால் ஓட்டத்தையும் கெடுக்கும். தூக்கி வைக்கிற பழக்கம் உள்ள வீட்டில் அது தேவைப்படாமலே போகலாம். தேய்வு தெரிய ஆரம்பித்தபின், தெரிகிற இடத்தில் மட்டும் வைத்தால் போதும்.

வெயிலுக்கு மாத்திரம் எந்தப் பட்டையும் இல்லை. மாடியில் கிடக்கும் பிளாஸ்டிக் வாளி கொஞ்ச நாளில் வெளுத்து, தொட்டால் வெடிக்கிறதல்லவா? படகும் அப்படித்தான். நிழலில் வைக்க வேண்டும். இல்லையென்றால் துணி போட்டு மூட வேண்டும். உச்சி வெயிலில் காரின் மேல் கயிற்றால் இறுக்கிக் கட்டிப் போனால், சூட்டில் இளகிய அடிப்புறம் கயிறு அழுத்திய இடத்தில் குழிந்துவிடும். வீட்டில் சார்த்தி வைக்கும்போதும் ஏராவின் மேல் பாரம் விழாமல், பக்கவாட்டில் கிடத்தி, அகலமான வார்களில் தாங்க விடுவது நல்லது.

கடைசியாக, அநேகர் மறந்துபோகிற இடம் ஒன்று இருக்கிறது. படகின் உட்புறம். காலோடு ஒட்டிக்கொண்டு வந்த மணல் குதிகாலுக்கு அடியில் தங்கிவிடும். துடுப்புப் போடும்போதெல்லாம் குதிகால் அந்த மணலை வைத்து அடியை உள்ளிருந்தே அரைத்துக்கொண்டிருக்கும். வெளிப்புறம் புதிதாகப் பளபளக்கும்போதே உள்ளே பள்ளம் விழுந்த படகுகள் உண்டு. கடலிலிருந்து வந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீரை உள்ளே ஊற்றி, ஆட்டிக் கவிழ்த்துவிடச் சொல்லுங்கள். உப்பும் போகும், மணலும் போகும். அதோடு ஒரு பழைய கம்பளித் துண்டையோ ரப்பர் விரிப்பையோ குதிகால் படும் இடத்தில் போட்டு வைத்தால், அது தேய்ந்துகொள்ளும்.